மொட்டைமாடியில் இருபது நிமிடம்: நகரத்துக்குள் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியிலும் பக்கத்துப் பூங்காவிலும் ஐந்தாறு பேரோடு பறவை பார்க்கிறேன். ஆறு வருடமாக இது நடக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேர் பறவைக்காக வந்தவர்கள் அல்லர். தூக்கம் போனவர்கள், வேலையை விட்டவர்கள், வீட்டில் ஒரு சாவு நடந்து நாள் நகராமல் உட்கார்ந்திருந்தவர்கள்.

தொடர்ந்து வந்தவர்களையும் மூன்றாம் வாரமே நின்றுவிட்டவர்களையும் கவனித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. நின்றுபோனவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள். முதலில் கேமரா வாங்கினார்கள். அடுத்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ஓடினார்கள். அங்கே பார்த்ததற்கெல்லாம் பெயர் தேடினார்கள். தங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த காகத்தை மட்டும் பத்து நிமிடம் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது.

சென்னையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மதுரையிலும் கோவையிலும் பறவைகள் கொஞ்சம் மாறும், முறை மாறாது. சிகிச்சையில் இருப்பவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு வர வேண்டாம். மாத்திரையும் மைனாவும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

## 1. தொடங்குமுன்: வேண்டியதும் வேண்டாததும்

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பேனா வேண்டாம்; மார்கழிப் பனியில் ஈரமான தாளில் மை ஊறும், பென்சில் எழுதும்.

அடுத்தது மொட்டைமாடிச் சாவி. அடுக்குமாடிக் குடியிருப்பில் இதுதான் முதல் முட்டுக்கட்டை. காலை ஐந்தரைக்குப் போய்க் கதவைத் தட்டினால் காவலாளி தூக்கத்தில் இருப்பார். சங்கச் செயலாளரிடம் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு என்று கேட்பார். பறவை பார்க்க என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

முதல் மாதம் பைனாகுலர் வேண்டாம், கேமரா வேண்டாம், பறவைப் புத்தகமும் வேண்டாம். கருவி கையில் இருந்தால் கண் அதன் வேலையைச் செய்யாது. கேமரா வாங்கியவர்கள் படம் சரியாக விழவில்லை என்ற கவலையோடு கீழே இறங்குவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கவலையைக் குறைக்கத்தானே மேலே ஏறினார்கள்?

## 2. ஓர் இடத்தைப் பிடியுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

படுக்கையிலிருந்து எழுந்தால் இரண்டு நிமிடத்தில் போய்ச் சேரும் இடமாக இருக்க வேண்டும். வண்டி எடுத்துப் போகும் இடம் நான்காம் நாள் கைவிட்டுப் போகும். மனம் சோர்ந்திருக்கும் நாளில்தான் இது அதிகம் தேவை. அந்த நாளில் வண்டிச் சாவியைத் தேடத் தெம்பு இருக்காது.

அந்த இடத்திலிருந்து ஒரு மரமும் கையகல வானமும் தெரிய வேண்டும். வேம்பு, புங்கை, அரசு, தூங்குமூஞ்சி எதுவானாலும் சரி. முருங்கை பூத்திருந்தால் தேன்சிட்டு நிச்சயம். தெருவோரத்தில் சிங்கப்பூர் செர்ரி மரம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தச் சிறு சிவப்புப் பழத்துக்குக் குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி, அணில் எல்லாம் வரிசை கட்டும். ஆலும் அரசும் பழுக்கும் வாரங்களும் அப்படித்தான். இலையில்லாத உச்சிக்கிளை, டிஷ் ஆன்டெனா, மின்கம்பி ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். மறைவில்லாமல் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கப் பறவைகளுக்கு அவை பிடிக்கும்.

நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். சூரியோதயம் அழகு என்று கிழக்கே பார்த்து உட்கார்ந்தால், எதிர்வெளிச்சத்தில் கிளியும் கறுப்பு, மைனாவும் கறுப்பு. வெயில் முதுகில் விழும்படி, மேற்கே பார்த்து உட்காருங்கள். மாலையில் இதற்கு நேர்மாறு.

மாடி இல்லாதவர்களுக்கு ஜன்னல் போதும், பால்கனி போதும். எங்கள் குழுவில் ஒருவர் ஆறு மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்றே பார்த்தார். தினமும் அதே நிறுத்தம், அதே அரசமரம். அவருடைய குறிப்பேடுதான் எங்கள் எல்லாருடையதையும் விடச் செழிப்பானது.

## 3. நேரம்: இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

விடிவதற்குச் சற்று முன்னால் தொடங்கி வெயில் ஏறும்வரை பறவைகள் அதிகம் பேசும், அதிகம் நகரும். சென்னையில் ஜூன் மாதம் சூரியன் 5.45-க்கெல்லாம் வந்துவிடும், ஜனவரியில் 6.30 தாண்டிவிடும். கடிகாரத்தில் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க உட்கார்ந்தால் பாதி நாள் தவறிப்போகும். சூரியனைக் கணக்கு வையுங்கள்.

காலை முடியாதவர்கள் மாலை ஐந்தேகாலிலிருந்து ஆறேகால்வரை எந்த இருபது நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். கிளிக்கூட்டம் கத்திக்கொண்டே கடப்பதும், காகங்கள் அடையப் போவதும், மைனாக்கள் ஒரே மரத்தில் நெருக்கியடித்துச் சண்டை போடுவதும் அப்போதுதான்.

ஏன் இருபது நிமிடம்? உற்சாகத்தில் முதல் நாள் ஒன்றரை மணி நேரம் உட்காருகிறவர் ஐந்தாம் நாள் அவ்வளவு நேரம் இல்லையே என்று போகாமலே விட்டுவிடுவார். இருபது நிமிடம் யாருக்கும் உண்டு.

இதில் முதல் ஏழெட்டு நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நீங்கள் கதவைத் திறந்து நாற்காலியை இழுத்த சத்தத்தில் பக்கத்திலிருந்தவை அடங்கியிருக்கும். உங்கள் கண்ணும் இன்னும் நேற்றைய வேலையில்தான் இருக்கும். புதியவர்கள் சரியாக இந்த ஏழாவது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். பத்தைத் தாண்டியதும் முதலில் அணில் வரும், பிறகு மற்றவை வரும்.

நடைப்பயிற்சியையும் இதையும் ஒன்றாகச் செய்து நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மாடியை வட்டமடித்தபடி பறவை பார்க்க முடியாது. நடப்பதானால் நடங்கள், உட்காருவதானால் உட்காருங்கள்.

## 4. முதல் வாரம்: காது மட்டும்

உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு புள்ளி, அது நீங்கள். ஒரு சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து, அது வந்த திசையில் ஒரு சிறு கோடு போட்டு, அது எதைப்போல் இருந்தது என்று எழுதிவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். ‘பாத்திரக் கடையில் சுத்தியல்’, ‘சாவிக்கொத்து’, ‘எண்ணெய் காணாத கதவு’ என்று உங்கள் காதுக்குப் பட்டதை எழுதுங்கள்.

காதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நகரத்துப் பறவை இலைக்குள் இருக்கும். பார்ப்பதற்கு முன்பே அதன் குரல் கேட்டுவிடும். அதோடு, ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கும் மனத்தால் அலுவலகச் சண்டையை மறுபடி ஓட்டிப் பார்க்க முடிவதில்லை. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய அதற்கு வராது. மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தபோது பொறுமை இழந்தவர்கள்கூட இதில் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மோட்டார் சத்தம், குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி, பால் வண்டி எல்லாம் சேர்ந்துதான் வரும். அவற்றோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவற்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். ‘இந்த நகரத்தில் எங்கே சார் அமைதி’ என்று முதல் நாளே அலுத்துக்கொண்ட ஒருவர், நான்காம் நாள் தண்ணீர் லாரி பின்னோக்கி வரும்போது எழுப்பும் ஒலிக்கும் தையல்சிட்டின் குரலுக்கும் இடையில் உள்ள இடைவெளியை எண்ணிக்கொண்டிருந்தார்.

வார முடிவில் நோட்டைப் பார்த்தால் ஐந்தாறு குரல்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றில் சிலவற்றை இப்போதே சொல்லிவிடலாம். இருட்டு பிரியும் முன்பே கம்பியில் உட்கார்ந்து விதவிதமாகப் பேசுவது பெரும்பாலும் கரிச்சான். சீராக, இடைவிடாமல் ‘டொக் டொக்’ என்று செம்பு தட்டுவது செம்மார்புக் குக்குறுவான். அடித்தொண்டையில் ‘ஊப் ஊப்’ என்பது செம்போத்து. உள்ளங்கையில் அடங்கும் உடம்பை வைத்துக்கொண்டு தெருவையே எழுப்புவது தையல்சிட்டு. கூட்டமாக, எல்லாம் ஒரே நேரத்தில் கீச்சிட்டுச் சண்டை போடுவது தவிட்டுக்குருவி. பங்குனி, சித்திரையில் குயிலைச் சொல்லவே வேண்டாம். இரவு இரண்டு மணிக்குக்கூட விடாது.

## 5. இரண்டாம் வாரம்: ஒரே ஒரு காகம்

இப்போது கண்ணைத் திறக்கலாம். ஆனால் ஒரே ஒரு பறவை, அதுவும் சாதாரணப் பறவை. காகம் அல்லது மைனா. பத்து நிமிடம் அதை மட்டும்.

‘காகத்தைப் பார்க்கவா எழுந்து வந்தேன்’ என்று கேட்காதவர் இல்லை. கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக்காகம், உடம்பு முழுக்கக் கறுத்துச் சற்றுப் பெரிதாக இருப்பது அண்டங்காக்கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் பார்த்ததில்லை. அவர்கள் கையால் அமாவாசைதோறும் சோறு சாப்பிட்டவை அவை.

என்ன பார்ப்பது? எந்தக் கம்பியில் உட்காருகிறது, யாரைக் கண்டால் இடம் விடுகிறது, யாரை விரட்டுகிறது, அலகில் என்ன கொண்டுபோகிறது. கோடை தொடங்கும்போது சுள்ளியோடு இரும்புக் கம்பியையும் எடுத்துப் போகும். துணி மாட்டும் கம்பி ஹாங்கர்கள் மாடியிலிருந்து காணாமல் போனால் திருடன் யார் என்று அப்போது தெரியும். அந்தக் கூட்டில்தான் குயில் முட்டையிட வரும். ஆண் குயில் காகத்தைச் சீண்டி அழைத்துப் போவதையும் பெண் குயில் அந்த இடைவெளியில் நுழைவதையும் பொறுமை இருந்தால் உங்கள் தெருவிலேயே பார்க்கலாம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பின்னால் எல்லாம் தள்ளாடும். அடுத்து வரும் பறவைகளை ‘காகத்தை விடச் சிறியது, மைனாவை விடப் பெரியது’ என்றுதான் அளக்கப் போகிறோம். அளவுகோல் முதலில் கைக்குப் பழக வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். ஒரு குறிப்பிட்ட பறவை உங்களுக்குத் தெரிந்ததாக ஆகிவிடும். கணவரை இழந்த வருடத்தில் எங்களிடம் வந்த ஓர் அம்மா, எதிர்மாடி ஆன்டெனாவில் உட்காரும் கரிச்சானையே இரண்டு மாதம் பார்த்தார். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தின் முதுகில் அது கொத்தி விரட்டியதை எங்களுக்கு நடித்தே காட்டினார். ஒரு நாள் காலை ஆறேகாலுக்கு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ‘இன்னும் வரவில்லை’ என்றார். எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டு, வந்துவிட்டது என்றார். நடுவில் அவர் தோசை வார்த்துச் சாப்பிட்டிருந்தார். காலைச் சாப்பாட்டை அவர் விட்டு அப்போது பல மாதம் ஆகியிருந்தது.

## 6. மூன்றாம் வாரம்: இனிப் பெயர் தேடலாம்

நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். எவ்வளவு பெரியது? அலகு எப்படி? வால் எப்படி? என்ன செய்துகொண்டிருக்கிறது? நிறம் கடைசியில்தான். வெளிச்சம் மாறினால் நிறம் பொய் சொல்லும். அலகு பொய் சொல்லாது.

புதியவர்களைத் திரும்பத் திரும்ப ஏமாற்றும் சில இடங்கள் உண்டு.

குயில். ஆண் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளும் பட்டைகளும். பெண்ணைப் பார்த்துவிட்டு ஏதோ அரிய பறவை என்று படம் அனுப்பாத புதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ‘குக்கூ’ என்று ஏறிக்கொண்டே போவது ஆணின் குரல். பெண் ‘கிக்கிக்கிக்’ என்று அவசரமாகக் கத்தும்.

தேன்சிட்டு. ஊதாத் தேன்சிட்டின் ஆண் வெயிலில் மின்னும் கருநீலம். பெண்ணின் வயிறு வெளிர் மஞ்சள். இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே சிரமமாக இருக்கும். வளைந்த அலகைப் பாருங்கள், குழப்பம் தீரும்.

பருந்துகள். உயரத்தில் வட்டமிடுவதன் வால் நுனி பிளவுபட்டிருந்தால் கள்ளப்பருந்து. வால் வட்டமாக, உடல் செங்கல் நிறமாக, தலையும் மார்பும் வெள்ளையாக இருந்தால் செம்பருந்து; கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அது.

உழவாரனும் தகைவிலானும். இரண்டும் வானத்தில் பூச்சி பிடித்தபடி பறக்கும். கம்பியில் உட்கார்ந்தால் அது தகைவிலான். உழவாரனின் கால் கம்பியில் உட்காரும் வகையல்ல. செங்குத்தான பரப்பில் தொற்றிக்கொள்ள மட்டுமே அதனால் முடியும்.

மடையான். சாக்கடைக் கால்வாய் ஓரம் மண் நிறத்தில் கூனிக்கொண்டு நிற்கும். அருகில் போனால் திடீரென்று வெள்ளைச் சிறகு விரித்துப் பறக்கும். நின்றது ஒன்று, பறந்தது வேறு என்று இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.

மீன்கொத்தி என்றால் நீர்நிலையில்தான் இருக்கும் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். வெண்மார்பு மீன்கொத்தி குளமில்லாத தெருவிலும் கம்பியில் உட்கார்ந்து ஓணானையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும்.

பெயரில் பிடிவாதம் வேண்டாம். கரிச்சானை இரட்டைவால் குருவி என்பார்கள். கொண்டைக்குருவியைப் புத்தகம் சின்னான் என்று சொல்லும். உங்கள் பாட்டி சொன்ன பெயர் இருந்தால் அதையே முதலில் எழுதுங்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதுவதும் முறையான பதிவுதான்.

## 7. குறிப்பேடு: மூன்று வரி

தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது. பிறகு மூன்று வரி. பட்டியலை விட ஒரு செயலை எழுதுவது மேல். ‘மைனா 4’ என்பது ஒரு மாதம் கழித்து ஒன்றும் சொல்லாது. ‘மைனா ஏசி பெட்டிக்குப் பின்னால் வைக்கோல் சொருகுகிறது’ என்றால் அடுத்த வாரம் அந்த ஏசி பெட்டியைப் பார்க்கப் போவீர்கள்.

செய்யக் கூடாத ஒன்று: மனநிலைக்கு மதிப்பெண் போடாதீர்கள். ‘இன்று மனம் 6/10’ என்று எழுத ஆரம்பித்தவர்களை நான் தடுத்துவிடுகிறேன். அன்றிலிருந்து இருபது நிமிடமும் ஒரு பரீட்சை ஆகிவிடும். ஐந்து வந்தால் அதற்கொரு வருத்தம். உங்களை நீங்களே உற்றுப் பார்க்காமல் இருக்கத்தான் இந்த இருபது நிமிடம். ஆறுகிற புண்ணைக் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

எத்தனை இனம் பார்த்தேன் என்ற எண்ணிக்கையும் முதல் வருடம் வேண்டாம். எண்ணிக்கை வந்தால் போட்டி வரும்.

## 8. இரண்டாம் மாதம்: பைனாகுலர்

ஒரு மாதம் தாண்டியும் ஆசை இருந்தால் வாங்குங்கள். 8×42 அல்லது 8×32. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 20×, 30× என்று ஆசை காட்டுவதை வாங்காதீர்கள். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், பார்வைப் பரப்பு சுருங்கும், பறவையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வாங்கியதும் பெரும்பாலானோர் சரிசெய்யாமலே பயன்படுத்துகிறார்கள். தலைவலி வந்ததும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். சரிசெய்யும் வரிசை இது. முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் எழுத்துகளைக் குறிவையுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி அதைத் தொட வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்து, தூக்கும் விதம். பறவையைப் பார்த்தவுடன் குனிந்து பைனாகுலரைத் தேடினால் பறவை தொலைந்துவிடும். பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல், கருவியைக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவில் கொண்டுவர வேண்டும். ஒரு வாரம் டிஷ் ஆன்டெனாவில் பழகுங்கள். சூரியன் பக்கம் தவறிக்கூடத் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

எதிர் வீட்டு விவகாரம் ஒன்று. பைனாகுலரோடு மாடியில் நிற்கும் ஆளை யாருக்கும் பிடிக்காது, நியாயமும் அதுதான். நான் தொடங்கிய மாதத்தில் எதிர் வீட்டு மாமி கீழே இறங்கி வந்து நேராகவே கேட்டுவிட்டார். அவர் கையில் பைனாகுலரைக் கொடுத்து, அவர் வீட்டு முருங்கையில் இருந்த தேன்சிட்டைக் காட்டினேன். இப்போது கூடு கட்டினால் அவர்தான் எனக்குத் தகவல் சொல்கிறார். முதல் நாளே அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிடுங்கள். ஜன்னல்களின் மட்டத்துக்குக் கருவியைத் தாழ்த்தாதீர்கள்.

## 9. செயலிகள்

மெர்லின் என்ற செயலி பறவையின் குரலைக் கேட்டு இன்னதாக இருக்கலாம் என்று சொல்லும். இ-பேர்ட் பதிவு வைத்துக்கொள்ள உதவும். இரண்டும் இலவசம். மெர்லின் சொன்னதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். ஆட்டோ ஹாரனும் கதவுக் கிரீச்சும் கலந்த தெருவில் அது தவறிப்போவது சகஜம். முதல் மாதமே செயலியைத் திறந்தவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறார்கள். மீண்டும் திரை.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது உணவை விட்டுத் தேடி அலையும்.

## 10. தண்ணீர் வையுங்கள், தானியம் போடாதீர்கள்

இரண்டு அங்குல ஆழமுள்ள அகலமான மண்சட்டி, நடுவில் ஒரு கல். ஆழமான பாத்திரத்தில் சிறு பறவை இறங்காது. கல் இருந்தால் நின்று குடிக்கும். தினமும் பழைய நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவி ஊற்ற வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால் நீங்கள் வளர்ப்பது கொசு. பூனை பதுங்க முடியாத, ஆனால் பக்கத்தில் ஒரு கிளையாவது இருக்கிற நிழலில் வையுங்கள்.

அரிசி, கம்பு கொட்டினால் முதலில் வருவது மாடப்புறா, பிறகு வருவதும் மாடப்புறா. அவை பெருகினால் மற்றவை ஒதுங்கும். எச்சத் தூசி நுரையீரலுக்கும் கேடு. சிட்டுக்குருவிக்காக என்று ஆரம்பித்து, ஆறு மாதத்தில் பால்கனிக்கு வலை அடித்தவர்கள் பலர்.

## 11. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வெளியே

இதற்கு முன் போனால் ஆயிரம் பறவைகளைப் பார்த்து ஒன்றும் பார்க்காமல் திரும்புவீர்கள். முதலில் அருகிலுள்ள பூங்கா. மயிலாப்பூர்வாசிகளுக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகருக்கு நடேசன் பூங்கா. பிறகு அடையாறு முகத்துவாரம், கிண்டி, பள்ளிக்கரணை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நெடுங்கால் உள்ளானும் தாழைக்கோழியும் நத்தைகுத்தி நாரையும் சாலையோரத்திலிருந்தே தெரியும். சில நேரம் பூநாரையும் வரும். வேலியிட்ட இடங்களுக்குப் போகுமுன் திறக்கும் நாளும் நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வடக்கிலிருந்து வரும் வாலாட்டி, தகைவிலான், மாங்குயில் எல்லாம் அப்போதுதான் இருக்கும். வேடந்தாங்கலுக்கும் அதே பருவம். சித்திரை வெயிலில் போய்க் காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டியவர்கள் உண்டு.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். 2015-லிருந்து நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம், எந்த இடத்திலிருந்தும் பார்த்து இ-பேர்டில் பதிய வேண்டும். உங்கள் மொட்டைமாடியே போதும்.

கூட்டைக் கண்டால் விலகி நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் போனதும் அது அங்கே போகும்.

## 12. பறவை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால்

அக்டோபரில் இது நடக்கும், அதனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆறுமணிக்குருவி என்று ஒன்று உண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு, குட்டை வால். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். வடக்கிலிருந்து இரவில் பறந்து தெற்கே வரும்போது களைத்தோ கண்ணாடியில் மோதியோ பால்கனியில் விழுந்துகிடக்கும்.

முதலில் விசிறியை நிறுத்துங்கள், நாயையும் பூனையையும் குழந்தைகளையும் அறையை விட்டு அனுப்புங்கள். மெல்லிய துணியைப் போட்டு எடுத்து, காற்றுக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான மூலையில் விடுங்கள். இருட்டு அதன் பயத்தைக் குறைக்கும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாயில் போய்விடும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் கூடாது. கையில் வைத்துப் படம் எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டால் விட்டுவிடலாம். சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறையைக் கூப்பிடுங்கள். அழகாக இருக்கிறது என்று கூண்டில் வைத்துக்கொள்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம்.

விடும்போதுதான் கடைசித் தவறு நடக்கும். மாடிக்குக் கொண்டுபோய் வானத்தை நோக்கி வீசுவார்கள். ஆறுமணிக்குருவி தரையில் சருகு கிளறிப் பூச்சி தின்னும் பறவை. வெட்டவெளியில் வீசினால் காகங்கள் சூழ்ந்துகொள்ளும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே, காகமும் பூனையும் இல்லாத புதர் நிழலில் பெட்டியைத் தரையில் வைத்து, பக்கவாட்டில் சாய்த்துத் திறந்துவிட்டு, பத்தடி தள்ளி உட்காருங்கள். உடனே வராது. போன அக்டோபரில் எங்கள் குடியிருப்புப் பின்கட்டில் இப்படி வைத்துவிட்டு, காவலாளியும் எதிர் வீட்டு மாமியும் நானும் முக்கால் மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த அது குட்டை வாலை இரண்டு முறை ஆட்டியது, செம்பருத்திப் புதருக்கு அடியில் ஒரு சருகைப் புரட்டியது, எதையோ எடுத்து விழுங்கியது.